இறந்தோர் ஏடு, மூன்றாம் புத்தகம்

குறும்பனைக் கோயிலில் செத்தவர்களை
எக்செலில் ஏற்ற எனக்கு நாளொன்றுக்கு நானூறு ரூபாய்.
ஊரடங்கு. வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடக்கின்றன.
பங்குச்சாமி வீட்டு வராந்தாவில்
நானும், செல்லரித்த மூன்றாம் புத்தகமும்,
ஒரு குப்பி சானிடைசரும்.

பேர். அப்பன் பேர். வயசு.
அவஸ்தை பூசினதா. காரணம்.

கடைசிக் கட்டத்தில் கணக்கப்பிள்ளை வியாகுலம் எழுதுகிறார்:
பேதி. பேதி. வைசூரி. கடல்.
பேறுகாலம். கடல். பேதி.
கடலையும் நோயோடு சேர்த்து எழுத
அவருக்கு ஒரு தயக்கமும் இல்லை.

கொல்லம் 1094, துலாம் மாதம்.
சண்டைக்குப் போய்த் திரும்பியவனா,
குளச்சலில் கயிறு ஏற்ற வந்த கப்பலா,
கொண்டுவந்தது யார் என்று ஏட்டில் இல்லை.
'காச்சல்' என்று மட்டும்.
'ய்' விழுந்துபோன காச்சல்.

முதலில் ஒரு நாளைக்கு ஒரு வரி,
உருண்டை எழுத்து, முற்றுப்புள்ளிகூட உண்டு.
பிறகு மூன்று. ஏழு.
பிறகு அப்பன் பேர் இல்லை.
பிறகு வயசு இல்லை.
பிறகு காரணம், 'மேற்படி'.
மேற்படி. மேற்படி.
ஒரு பக்கம் நெடுக மேற்படி.
நடுவில் ஓரிடத்தில்:
'இஞ்ஞாசி பிள்ளை, பேர் வைக்கவில்லை, மேற்படி.'

பக்கம் புரட்டினால் வேறு கை.
கோணல், பிழை, மை சிந்தல்.
குழி வெட்டுகிற மெலிஞ்சி தொம்மை எழுதியிருக்கிறார்.
முதல் வரியே:
'கணக்கபிள்ள வியாகுலம். 41.
குளி ஆளம் காணாது.
நாளைக்கி மண்ணு போடணும்.'

இதை எந்தக் கட்டத்தில் ஏற்ற?
"விட்டுரு பிள்ள" என்றார் பங்குச்சாமி, மாஸ்க்குக்குள்ளிருந்து.
காரணத்தில் ஏற்றினேன். கட்டம் பொறுக்கவில்லை,
இழுத்து அகலமாக்கினேன்.
மண் போட்டாரா, தெரியாது.
மூன்றாம் நாளோடு தொம்மையின் எழுத்தும் நின்றுவிட்டது.
அவர் பேரை எழுத யாரும் வரவில்லை.

சாயங்காலம் ஆசாரிப்பள்ளத்திலிருந்து ஆம்புலன்ஸ்.
நீலப் பிளாஸ்டிக் சுற்றி, ஜிப் போட்டு.
இப்போதைய கணக்கர் தனிமையில் கிடக்கிறார்,
அதனால் இந்த வரியும் என் தலையில்.
பெர்க்மான்ஸ். 52. விசைப்படகு டிரைவர்.
அவஸ்தை பூசவில்லை.

காரணத்தில் 'கொ' அடித்ததும்
மேல்வரியைப் பார்த்து
மீதியை அதுவே நிரப்பிக்கொண்டது.

அழித்தேன்.
ஒவ்வோர் எழுத்தாக நானே அடித்தேன்.
பக்கத்தில், யாரும் கேட்காமலே:
குழி பத்தடி. ஜேசிபி.
ஆழம் காணும்.