உப்பு ஜாடி

மெ.சி. வீட்டில் சாமான் விலை பேசப் போனது
ஒரு வெள்ளிக்கிழமை.
கானாடுகாத்தானில் மண்டையைப் பிளக்கும் வெயில்.
தேக்குப் பெட்டி மூன்று, எனாமல் அடுக்கு ஒன்று,
கைப்பிடி போன இஸ்திரிப்பெட்டி
எல்லாம் எழுதி முடித்து
தண்ணீர் கேட்கப் போன அடுப்படியில்தான்
அதைப் பார்த்தேன்.

நெல்லிக்காய்ப் பச்சை.
ஒரு தோள் சற்று இறங்கி, வாய் கோணி.
காவலாளி மனைவி சோலையம்மாள்
கல்லுப்பு போட்டு வைத்திருந்தாள்.
மூடிக்கு ஒரு கொட்டாங்கச்சி.

தூக்கி, அடியைத் தடவினேன்.
கட்டைவிரலில் வடு இடறியது.
ஊதி முடித்தபின்
இரும்புக் கம்பியிலிருந்து தட்டிப் பிரித்த இடம்,
கண்ணாடிக்குத் தொப்புள்.
இருபது வருஷமாக இந்தத் தொழில்;
முகம் மாறாமலிருக்கத் தெரியும்.

வைரவன் வாட்ஸ்அப்பில் வந்தார்.
நியூஜெர்சியில் இன்னும் விடியவில்லை.
"அந்தப் பழைய பாட்டிலா?
எதையாச்சும் போட்டு எடுத்துக்கங்க."
அவர் கார் நிறுத்துகிற மண்ணாகக்கூட இருக்கலாம்,
இருநூறு வருஷத்துக்கு முன் யாரோ
அள்ளி, உருக்கி, ஊதியது.
எந்தக் கப்பல், எந்தச் சரக்குக்கு நடுவில்,
எனக்கும் தெரியாது.
தெரிந்ததையும் சொல்லவில்லை.
முந்நூறு என்றேன். சரி என்றார்.

சோலையம்மாள் சரி என்னவில்லை.
"வெள்ளிக்கிழமை உப்பு ஜாடியைக் காலி பண்ணுவாகளா?
நாளைக்கு வாங்க."

இரவு தூக்கமில்லை.
அடுப்பு மேடையின் விளிம்பை நினைத்தேன்,
பூனையை, அவளுடைய ஈரக் கையை.
பதினோரு வருஷமாக
அந்தக் கையில்தான் அது உடையாமல் இருந்தது என்பது
விடியும்போதுதான் உறைத்தது.

சனிக்கிழமை ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு போனேன்.
உப்பைச் சரித்தாள்,
கடைசிக் கல் விழும்வரை தட்டினாள்.
காலிச் சுவரில் ஒரு குமிழி, அரிசி நீளம்.
ஊதியவன் உள்ளே விட்டது,
வெளியே வர வழி தெரியாத மூச்சு.
"பூச்சின்னு நெனைச்சு
சாம்பல் போட்டுத் தேச்சிருக்கேன்" என்றாள்.

அவள் கையில் ஐநூறு வைத்தேன்.
"டப்பா குடுத்தது நீங்க.
நாந்தானே காசு தரணும்?"
இதற்கு இருபது வருஷத் தொழிலில்
பதில் இல்லை.

டவுன் பஸ். மடியில், துண்டு சுற்றி.
கோட்டையூர் தாண்டும்போது துண்டு நனைந்திருந்தது.
கண்ணாடிக்கு வியர்த்திருந்தது.
விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

கழுவினால் விலை கூடும்.
இன்னும் கழுவவில்லை.