மூணாந்தரம்

மைக் செட் என்னுடையது. வயிரவன் சவுண்ட்ஸ்.
காது குத்து, கட்சிக் கூட்டம், கருமாதி,
எல்லாவற்றுக்கும் இதே நாலு குழாய்தான்.
நாள் வாடகை இரண்டாயிரத்து ஐந்நூறு.
புதுவயல் ரைஸ்மில் ரோட்டு மைதானத்தில்
ரங்கூன் லெவன் ஆட்டம் என்றதும்
முந்நூறு கூடுதலாகத் தந்தார் மேனேஜர்.
"பயலுக கத்துனா வெளம்பரத்தப் போட்டு அமுக்கு."

பந்தலுக்குள் சோபா. சோபாவில் முதலாளிமார்,
அண்ணன் தம்பி இருவரும்.
வேட்டியில் செம்மண் படாதிருக்கக்
காலுக்குக் கீழே பச்சைக் கார்பெட்.
பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்கள் கட்டிய டீமை
வாங்கி மூன்று வருஷம்.
அதற்குள் விற்றது
நடு ஆட்டக்காரன் ஊர்காவலனை, திருப்பூர் கம்பெனிக்கு.
சட்டையின் ஊதா நிறத்தை, சிமெண்டு விளம்பரத்துக்கு.
கோல் வலையை
(வாங்கியவன் எந்தக் கண்மாயில் மீன் பிடிக்கிறானோ).
இப்போது தரை.
தெற்கு கார்னர் கொடிக்கு ஓரடி தள்ளி
மஞ்சள் அடித்த மனைக்கல்.
கோலி சாத்தையா நிற்கிற இடம் பிளாட் நம்பர் பதினாலு,
வடக்குப் பார்த்தது, வாஸ்து சுத்தமாம்.

பேப்பர்க்காரன் கேட்டதற்கு அண்ணன் சொன்ன பதில்:
"கத்துறதெல்லாம் மூணாந்தரக் கும்பல்."

டிக்கெட்டை நூறு ஆக்கியதிலிருந்து
கும்பல் நிற்பது வெளியே, மில்லின் உமி மேட்டில்.
பத்தாவது நிமிஷம்
அங்கே ஜபருல்லா எழுந்தார்.
காரைக்குடி பழைய சாமான் கடையில் ஏலம் கூவுகிறவர்.
தேக்குத் தூணோ எனாமல் தூக்கோ
அவர் தொண்டைக்குள் போனால்
வேறு ஊரில்தான் வெளியே வரும்.
கையைத் தூக்கினார்.

"ரங்கூன் லெவன், ஒரு தரம்!"
முந்நூறு தொண்டை: ஒரு தரம்!
"ரங்கூன் லெவன், ரெண்டு தரம்!"
ரெண்டு தரம்! உமி பறந்தது.

பட்டனை அமுக்கினேன்.
அவசரக் கடனுக்கு அணுகுவீர் வள்ளல் ஃபைனான்ஸ்,
பெண் குரல் நாலு குழாயிலும் பாகாய் வழிந்து
முடிந்தபோது
மேட்டில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

மூணு சொன்னால் சாமான் கைமாறிப் போகும்.
சொல்லவில்லை.
கடிக்காமல் ஒதுக்கிய பாக்குபோல
கடைவாயில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

பந்து உதைபடுகிற சத்தம் கேட்டது.
ரெஃப்ரியின் மூச்சுகூட.
நெல் புடைக்கும் அடைக்கம்மையின் மகன், நாலு வயசு,
"மூ" என்று தொடங்க
அவள் கை போய் வாயைப் பொத்தியது.
மேடு முழுக்கச் சிரிப்பு.
பிறகு மறுபடி முதலிலிருந்து,
ஒரு தரம், ரெண்டு தரம்,
அப்புறம் அந்த ஒன்றுமில்லாதது.

மேனேஜர் பந்தலிலிருந்து கையை ஆட்டினார், அமுக்கு, அமுக்கு.
நானும் கையை விரித்தேன்.
எதை?

ரெண்டுக்கு ஒன்று தோற்றோம்.
பரிசு கொடுக்க வந்த அண்ணன்காரர் மைக்கைப் பிடித்தார்.
"ரசிகப் பெருமக்களே, மூன்று அறிவிப்புகள்.
ஒன்று, டிக்கெட் ஐம்பது ரூபாய்.
இரண்டு, புது வலை."
நிறுத்தினார்.
மேட்டைப் பார்த்தார்.
மேடு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

குழாய் இரைந்தது, வண்டு மாதிரி.
மூன்றாவது என்னவென்று இன்றுவரை தெரியாது.
மைக்கை ஆஃப் செய்யாமலே
என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

முந்நூறை நான் திருப்பித் தரவில்லை.
ஆம்ப்ளிஃபயர் வாங்கிய கடன் நிற்கிறது,
வள்ளல் ஃபைனான்ஸில்தான்.
வயரைச் சுற்றிக்கொண்டு தெற்கு மூலைக்குப் போனேன்.
மனைக்கல் அங்கேயேதான் இருந்தது.
அதன் தலையில்
ஈரச் சட்டையைக் காயப்போட்டுவிட்டு
சாத்தையா பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்.