எடைமேடைக் கிராணியின் இரண்டாம் நோட்டு

முதல் நோட்டு மில்லுடையது.
லோரி எண், உள்ளே வந்த எடை, வெளியே போன எடை.
கழித்தால் செம்பனைக் குலை.
இருபத்தொரு வருடமாகக் கழித்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாம் நோட்டு சன்னாசியுடையது.
காலை ஆறு: நானூற்று இருபது மில்லி. தேன் நிறம்.
இரவு எட்டு: முந்நூற்றுப் பத்து. கொஞ்சம் பச்சை.
காய்ச்சல் இல்லை.

பசாரில் கேட்கிறார்கள்,
பால்மரத்துக்குக் கோப்பை கட்டினாற்போலவா என்று.
இல்லை.
மரத்தைக் கீறுவது அடுத்தவனுக்காக.

ஈப்போ ஆஸ்பத்திரியில் டாக்டர் லிம் படம் காட்டினார்.
ஒன்பதாம் விலாவுக்கும் பத்தாவதுக்கும் நடுவே
முடியைப்போல ஓர் ஊசி.
சாயம் ஏறியதும் ஈரலுக்குள்
அடைமழைக்கால ஆறு,
கிளை கிளையாய் வீங்கி
இறங்க வழியில்லாமல் நிற்கிறது.
முகத்துவாரத்தில் கட்டி.
ஊசிக்குள் கம்பி, கம்பிமேல் குழாய்.
உள்ளே போனதும் குழாயின் நுனி
பன்றிவாலாய்ச் சுருண்டு பிடித்துக்கொள்ளுமாம்.
அரைமயக்கத்திலும் சன்னாசி சொன்னாராம்:
"பன்றி வரக்கூடாதென்று
கன்றுக்கெல்லாம் வேலி போட்டவன் நான்."

முதல் தடவை கம்பி அடைப்பைத் தாண்டவில்லை.
அதனால் பை வெளியே, கைலிக்குள் செருகியபடி,
பஸ்ஸில் சுங்கை சிப்புட் வரை வந்தோம்.
யாரும் பார்க்கவில்லை.
அவர்தான் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார்.

தாதி ரொஹானா சொல்லிக்கொடுத்தது:
கை கழுவு. மூடியைத் துடை.
பத்து மில்லி உப்புநீர், மெதுவாக உள்ளே.
திருப்பி இழுக்காதே.
இழுக்காதே என்று மூன்று தரம் சொன்னாள்.
என் கையைப் பார்த்தே தெரிந்திருக்கும்.

நான்காம் நாள் அரிப்பு நின்றது.
அதுவரை சீப்பால், சுவர்மூலையால்,
வீட்டுச் சாவியால் சொறிந்துகொண்டிருந்தவர்
மதியம் மூன்று மணிநேரம் அசையாமல் கிடந்தார்.
மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன்.
நோட்டில் எழுதினேன்: தூங்குகிறார்.
அந்தக் கட்டத்தில் அளவு எதுவும் போடவில்லை.

இரண்டாம் தடவை கம்பி தாண்டிவிட்டது.
புதுக் குழாயில் அடைப்புக்கு மேலும் துளை, கீழும் துளை,
பித்தம் தன் பழைய வழியில் குடலுக்கு இறங்கும்.
ஒரு வாரம் பார்த்துவிட்டுப்
பையைக் கழற்றி மூடி போட்டார்கள்.
கட்டி அங்கேயேதான் இருக்கிறது.
அதற்கு வேறு தேதி, வேறு மாடி, வேறு டாக்டர்.

மறுநாள் காலை ஆறுக்கு
நோட்டைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தேன்.
பூஜ்யம் எழுதக் கை வரவில்லை.
மில்லில் பூஜ்யம் என்றால்
ஒன்று பாலத்தில் வெள்ளம்,
இல்லையென்றால் லோரி கவிழ்ந்திருக்கும்.

அப்போது கக்கூஸிலிருந்து,
இரண்டு மாதமாய்ச் சுண்ணாம்பாய்ப் போய்க்கொண்டிருந்தவர்
கதவைத் தட்டித் தட்டிக் கத்தினார்,
பக்கத்து வீட்டு மாசிலாமணிக்கும் கேட்டிருக்கும்:
"பழுப்பு! ஏய், இங்கே வா, பழுப்பு!"

போய்ப் பார்த்தேன்.
நிறத்தை மட்டும் எழுதினேன், அடிக்கோடிட்டு.
பிறகு ஹெல்மட்டைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடினேன்.
மேடைக்கு முன்னால் ஏழு லோரி,
முதல் டிரைவர் ஹார்னிலேயே கை வைத்திருந்தான்.