டோக்கன் முன்னூற்று நாற்பத்தேழு

ஜுனைத் ஜாவா என்றான்.
வேதவல்லி பைத்தான் என்றாள்.
இருவரும் பத்து வரிசை வைத்துக் காட்டினார்கள்.
பத்தும் ஓடின.
ஒன்றில் என் பெயர், இரண்டில் அவர்கள் பெயர்,
மீதியெல்லாம் டெஸ்ட், டெஸ்ட்1, டெஸ்ட்2.
பாலாற்று மணலில் கிரிக்கெட் ஆடும் பையன்களும்
பாலத்தைக் குறை சொல்வதில்லை.

சத்துவாச்சாரி, மூன்றாவது மாடி.
ஏசி சர்வருக்கு. எங்களுக்கு விசிறி.
ஜன்னல் கம்பி கையைச் சுடும் மே மாதம்.
மருத்துவமனை கேட்டது சின்ன விஷயம்தான்:
நாற்பது லட்சம் நோயாளிகள்,
முப்பது வருடச் சீட்டு,
மூன்று நொடிக்குள் எந்த ஒருவரும்.

ஆகவே நாற்பது லட்சம் பேரைப் பெற்றெடுத்தேன்,
ஊரையும் வயதையும் வியாதியையும் குலுக்கிப் போட்டு,
ஓர் இரவில்.
முதல் ஓட்டத்தில் எல்லோருக்கும் ஒரே ரத்தம்.
இரண்டாவதில் ஆண்களுக்குப் பிரசவம்.
மூன்றாவது பரவாயில்லை, ஆனால்
ரொம்ப ஒழுங்கான ஜனங்கள்.
எல்லோருக்கும் இனிஷியல், எல்லோருக்கும் பிறந்த தேதி,
ஒருவர்கூட 'சுமார் அறுபது' இல்லை.

கவுண்டருக்குப் பின்னால் ஒரு காலை போய் நின்றேன்.
ஒடுகத்தூர் அம்மாளுக்கு இரண்டு பெயர்:
ரேஷன் கார்டுக்கு ஒன்று, கூப்பிட ஒன்று.
தன்பாத்காரர் அப்பா பெயர் கேட்டால்
அண்ணன் பெயரைச் சொன்னார்.
லட்சுமிகாந்தம்மாள்
நாற்பது இடமுள்ள பெட்டிக்குள் போனார்.
ஒரு ஃபிரேம்வொர்க் எழுத்தை எண்ணி முழுசாக வைத்தது.
மற்றது பைட்டை எண்ணி
லட்சுமிகாந்தம என்று நிறுத்தியது.
புள்ளி போன இடத்தில்
கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறி.
அவர் கண்ணாடி போடாமல் வந்திருந்தார்,
சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

பிழை ஒன்று எழுதி முடித்தேன். அடுத்தது அகப்படவில்லை.
வடக்கத்தி வண்டி காட்பாடியில் இறக்கிவிட்டுப் போகும்
காலை ஏழு மணிக்கு மட்டும் வரும்.
பதினாறு கவுண்டரும் ஒரே மூச்சில் திறக்கும்போது மட்டும்.
என் ஒற்றை மவுஸுக்கு அது வாய் திறக்காது.
ஸ்கிரிப்ட் போட்டுப் பார்த்தேன்.
வரிசையில் நின்று பழகியதுபோல்
ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தியது, அசடு.

ஞாயிற்றுக்கிழமை பதினாறு பேரை வரவழைத்தேன்.
கூலி, ஆற்காட்டு மக்கன் பேடா, தலைக்கு இரண்டு.
வாட்ச்மேன் சம்மனசு எண்ணுவதாக ஏற்பாடு.
"ஒண்ணு, ரெண்டு"
மூன்று சொல்வதற்குள் பாதிப் பேர் அழுத்திவிட்டார்கள்.
அதுதான் வேண்டியிருந்தது.

ஒரு திரையில் டோக்கன் முன்னூற்று நாற்பத்தேழு
இரண்டு பேர் கையில்.
மற்றத் திரை பதினொரு நொடி உறைந்தது.
ஜுனைத் நகத்தைக் கடித்தான்.
பிறகு சரியாக எண்ணியது,
யாருக்கும் இரட்டை இல்லை.

எது எந்த மொழி என்று சொல்லப்போவதில்லை.
பூட்டு இரண்டிலும் உண்டு.
ஒன்றில் பூட்டியே வரும், இன்னொன்றில் கேட்டால் தருவார்கள்.
நாங்கள் கேட்கவில்லை.
மொழியைச் சோதிப்பதாக நினைத்துக்கொண்டு
மூன்று வாரம் எங்கள் மறதியைச் சோதித்திருக்கிறேன்.

திங்களன்று முப்பத்தொரு பக்க அறிக்கையோடு போனேன்.
தனஞ்செழியன் சார் முதல் பக்கத்தைப் புரட்டி
"நல்லா பண்ணியிருக்கீங்க" என்றார்.
"வெள்ளிக்கிழமையே கையெழுத்தாயிடுச்சும்மா.
ஆள் கிடைக்கிற மொழி அது. திரையும் அழகு."
இரட்டை டோக்கன் திரைதான்.
வேதவல்லியின் முகம் வென்ற முகமாக இல்லை.
"பூட்டை நானே போடுறேன், நீ நின்னு பாரு" என்றாள்.

சாயங்காலம் நாற்பது லட்சம் பேரையும் அழித்தேன்.
ஒற்றை வரிக் கட்டளை, நாலு நிமிஷம்.
ஒருவர் மட்டும் போகவில்லை.
வயது சுமார் அறுபது, அப்பா பெயர் காலி,
கவுண்டரிலிருந்து வந்த பிறகு நான் கையால் எழுதியவர்.
எங்கோ ஓர் அட்டவணை
அவரை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது.
தேடலாம்.

மணி ஏழரை. தேடவில்லை.
திரையை அணைத்தேன்,
அவர் உள்ளே
தன் எண்ணைக் கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருக்க.