எம்பட

வக்கீல் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்:
கத்தியை ஓங்கும்போது அவன் என்ன கத்தினான்?

எம்பட, என்றானுங்க.
எம்பட, அப்புறம்?
அப்புறம் மங்கலம் ரோட்டில் ஒரு மினிபஸ்
ஹாரனை அழுத்திவிட்டது.

அரசுத் தரப்புக்கு அது 'எம்பட ஊரு' ஆகவேண்டும்.
திருமூர்த்தியின் போனில் இருநூறு வீடியோ இருந்ததாம்.
ரயில் ரயிலாக வந்து இறங்குகிறார்கள் என்று
சிவப்பு அம்புக்குறி போட்டு
ஒவ்வொரு முகமாய்க் காட்டுகிற வீடியோ.
ராத்திரி ரெண்டு மணிக்குப் பார்த்தவை.

எதிர்த் தரப்புக்கு 'எம்பட மெசினு' போதும்.
எட்டு வருஷம் அவன் ஓட்டிய ஓவர்லாக்.
பீஸ் ரேட்டில் தகராறு, ஒரு வாரம் வரவில்லை,
திரும்பி வந்தால்
அவனிடம் கைமடியாக இருந்த ஜுகல்
அதில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தான்.
குழுக் கடன்காரர் வாசலில்,
பெண்டாட்டி பெருந்துறையில் அண்ணன் வீட்டில்,
சட்டைப் பையில் தூக்க மாத்திரைச் சீட்டு.

ரெண்டு வக்கீலும் பொய் சொல்லவில்லை.

நான் செக்கிங்கில் பதினோரு வருஷம்.
டியூப்லைட்டுக்குக் கீழே பனியனை விரித்து
உள்ளே கையை விட்டுப் பார்ப்பேன்.
ஓட்டை தெரிந்தால் சிவப்பு ஸ்டிக்கர்.
ஸ்டிக்கர் விழுந்ததும் பஞ்சாயத்து ஆரம்பிக்கும்,
டெபிட் யார் தலையில் என்று.
நிட்டிங்கிலேயே விழுந்தது என்பான் டைலர்.
நூலே மோசம் என்பார் நிட்டிங்காரர்.
மில்லுக்குப் போன் போட்டால்
சாயப்பட்டறையில் கேளுங்க என்பார்கள்.
நைந்த இடமாகப் பார்த்துத்தான் ஊசி பாய்ந்திருக்கும்.
ஊசி பாயாவிட்டால் அந்த நூல்
இன்னும் இருபது துவைப்புக்குத் தாங்கியிருக்கும்.
இதை எந்த டெபிட் நோட்டில் எழுத?

ஆனாலும் ஒன்று.
வெசனம் எங்க லைனில் யாருக்குத்தான் இல்லை?
பவர்டேபிள் செல்வாம்பிகைக்கு
ரெண்டு பிள்ளைகளுக்குமே பேச்சு வரவில்லை.
அயர்ன் மாஸ்டர் சாகப் போய்த் திரும்பியவர்.
எனக்கு, சொல்ல ஆரம்பித்தால் கோர்ட்டு நேரம் பத்தாது.
நாங்கள் யாரும் கத்தி எடுக்கவில்லை.

அந்த வீடியோவையும் எல்லோரும் பார்த்தோம்.
டீ டைமில் திருமூர்த்திதான் காட்டினான்.
பார்த்தோம், உச்சுக் கொட்டினோம்,
பன்னை நனைத்துத் தின்றோம்.
நான்கூட ரெண்டு பேருக்கு அனுப்பினேன்.
இதை எந்த வக்கீலும் என்னிடம் கேட்கவில்லை.
நானாகச் சொல்லவும் இல்லை.

ஊரெல்லாம் ஒரு முடிவு வைத்திருக்கிறது.
மூளை குழம்பிப்போச்சு என்கிறார்கள் அவன் ஒறம்பரைகள்.
அவனை யாரோ அனுப்பியிருக்கிறார்கள் என்கிறது டீக்கடை.
முதலாளி கேமரா மாட்டிவிட்டார்.
ஜுகலின் அண்ணன் பெட்டியை வாங்க வந்தபோது
காரணம் கேட்கவில்லை,
அவன் செருப்பு ரெண்டும் இருக்கிறதா என்றுதான்
சைகையில் கேட்டான்.
ஒன்றுதான் கிடைத்திருந்தது.

கூண்டிலிருந்து இறங்கியபோது
திருமூர்த்தி என்னைப் பார்த்தான்,
தையல் போட்ட என் முழங்கையைப் பார்த்தான்.
அக்கா, வலிக்குதுங்களா என்று கேட்பான் போலிருந்தது.
கேட்கவில்லை.

மழை வருமுன் அந்தத் தையல் இழுக்கும்.
தூக்கம் வராது.
சம்பளச் சனிக்கிழமை அது, பேக்கரியில் கூட்டம்,
டம்ளர் தட்டு மேடைக்கு வந்த நொடி.
ஜுகலுக்குத் தமிழில் முப்பது வார்த்தை தெரியும்.
நூல் கோக்கப் பழக்கிய மாசத்தில்
திருமூர்த்தி சொல்லிக்கொடுத்தவை.
சர்க்கரை கம்மியான டம்ளரை அடையாளம் பார்த்து
தினமும் கையை நீட்டுவான்,
எம்பட டீ, அக்கா, எம்பட டீ.

அன்றைக்கும் கை நீட்டியிருந்தான்.

எனக்கு முதுகுப் பக்கமாகக் கேட்ட குரல் அது.
கோர்ட்டில் கேட்டார்கள், அவன் குரல்தானே என்று.
ஆமாங்க என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.