ஓய்வுநாள் மினுக்கு

ஞாயிற்றுக்கிழமை மெஷின் போடக்கூடாது.
ஃபோவிங்கலில் அது சட்டம்.
சட்டத்துக்கு மேலே, மூன்றாம் மாடி யன்னலில்,
ஃப்ராவ் ஏர்ட்மன்.
ஆகவே கையால்.

மெஷின் பிடித்தாலும் பயம்தான்.
மேல்பூச்சில் மிச்சம் இருப்பது
வெங்காயத் தோலளவு.

நேற்றே கழுவியாயிற்று,
ஒன்பது யூரோ தின்ற வாஷ் பொக்ஸில்.
களிக்கட்டி தேய்த்துத் தார்ப்பொட்டு எடுத்தாயிற்று.
இன்றைக்குக் கிளேஸ்.
தயிர்த்தண்ணி நிறம்.
மண்ணெண்ணெய்க்கும் வாழைப்பழத்துக்கும்
நடுவில் எங்கேயோ ஒரு மணம்.
ஒரு காசளவு போதும் என்கிறது போத்தல்.
இரண்டு காசளவு வைத்தேன்.

கறுப்பு ஓப்பல். பதினொரு வயது.
கறுப்பு எதையும் ஒளிக்கத் தெரியாத நிறம் என்று
வாங்கும்போது ஒருவரும் சொல்லவில்லை.
வெயில் பட்டால் போதும்,
பொனற் முழுக்கச் சிலந்திவலை.
தானாகக் கழுவும் கூடத்தின் தூரிகைகள்
வருஷக்கணக்காய்ச் சுற்றிய சுற்று.
பின்கதவில் பிள்ளைவண்டியின் கொளுக்கி.
பொனற்றின் இடது ஓரத்தில் மட்டும்
நகம் வைத்தால் தட்டுகிற ஒரு கோடு:
முதல் பனிக்காலம், ஐஸ் சுரண்டியைக்
கண்ணாடியோடு நிறுத்தாமல்
கீழேயும் ஓட்டிய மடையன்
நான்தான்.

கிளேஸ் கீறலைத் தீர்க்காது.
பள்ளத்துக்குள் எண்ணெயாய்ப் படுத்துக்கொள்ளும்.
வருகிற வெளிச்சம் தடக்கி விழாமல்
நேரே நடந்து போகும்.
அவ்வளவுதான் வித்தை.

"விக்கிற சாமானுக்கு இவ்வளவு சோடினையோ?"
பல்கனியிலிருந்து யசோதினி.
"விக்கிறதுக்குத்தானே சோடினை."
"எத்தினை நாளைக்கு நிக்கும்?"
"நாலு மழை. மிஞ்சினால் அஞ்சு."
உள்ளே போனாள். திரும்பி வந்தாள்.
"டுசல்டோர்ஃப் எயார்போட்டில என்னைக் கூட்டிக்கொண்டு போக
வந்த அண்டைக்கும்
தலைக்கு ஜெல் பூசிக்கொண்டுதான் நிண்டனீங்கள்."
பிறகு, உடுப்பை உதறிக் கொடியில் போட்டபடி,
"எனக்கு ரெண்டு மழை போதுமாய் இருந்தது."

வட்டமாகப் பூசாதே, நேர்கோட்டில் பூசு.
மங்கலாகும்வரை பொறு.
பொறுத்தேன். ஒரு தேத்தண்ணி நேரம்.
புதுத் துணியை நாலாய் மடித்து
ஒரே இழுவை.

மூச்சு நின்றது என்று எழுத மாட்டேன்.
தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

தெருவுக்கு மேலே, தண்டவாளத்தில்
தலைகீழாய்த் தொங்கிக்கொண்டு போகும் எங்கள் ஊர் ரயில்
பொனற்றுக்குள் நிமிர்ந்து
எல்லா ஊர் ரயிலையும் போல
தண்டவாளத்தின் மேல் ஏறி ஓடியது.
ஏழு நிமிஷத்துக்கு ஒருமுறை.
மூன்று ரயில் பார்த்தேன்.

நாலு மணிக்கு ஹலீனா வந்தாள்.
அறுபது இருக்கும், வேலைச் சப்பாத்து.
காரைச் சுற்றவில்லை, கதவைத் திறக்கவில்லை.
குந்தியிருந்து முகர்ந்தாள்.
சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ரோர்ச்.
"எந்தக் கொம்பனி?"
"ஓப்பல்."
"கிளேஸைக் கேட்டேன்."

பார்மனில் கார்ப் பெயின்ற் கடையில்
இருபத்திரண்டு வருஷமாம்.
அவளுடைய நகம் நேரே போய்
அந்த இடது ஓரத்தில் நின்றது.
"ஐஸ்," என்றேன்.
என் வாயிலிருந்து வந்த உண்மை
எனக்கே புதிதாய் இருந்தது.
"முதல் காரோ?"
"முதல் பனி."
பெரிதாகச் சிரித்தாள். மேலே யன்னல் திறந்து மூடியது.

மூவாயிரத்து இருநூறு கேட்டேன்.
இரண்டாயிரத்து எழுநூறு என்றாள்.
கோட்டுக்கு நூறு, மணத்துக்கு நானூறாம்.
இரண்டாயிரத்து எண்ணூற்றைம்பதில்
கை கொடுத்தோம்.
அவளுடைய உள்ளங்கையிலும் வாழைப்பழ வாசனை,
என்னுடையதில் இருந்து ஒட்டியதோ
ஏற்கெனவே இருந்ததோ தெரியாது.
மிச்சப் போத்தலையும் கேட்டாள்.
கொடுத்தேன்.

திறப்பைத் திருப்பினாள்.
தெருமுனைச் சிவப்பு விளக்கு
கூரையில் முழுசாய், உடையாமல் விழுந்து
பச்சையாகி வழிந்தது.
கார் திரும்பிப் போனதும்
என் கழுத்தில் ஒரு துளி.
பிறகு யன்னல் தகரத்தில் சடசடவென்று.

உடுப்பு அள்ள ஓடிவந்தவள்
அள்ளாமல் நின்றாள்.

"ஒண்டு," என்றாள்.