வேகம்: பூஜ்யம்

குடிகாடு சிப்காட், மூன்றாம் கேட்.
விடிகாலை நாலே கால், ஐப்பசித் தூறல்.
வண்டி நின்றுகொண்டிருந்தது.
என்ஜின் அணைத்தாகிவிட்டது,
கை பிரேக் போட்டாகிவிட்டது.
டீக்காரன் சைக்கிள் மணி கேட்டது.
குதித்தேன்.

பதினாறு வருஷம் ஓட்டியவன்.
ஒரிசாவில் யானை ரோட்டை மறித்து
முகப்பு விளக்கை முகர்ந்து பார்த்திருக்கிறது.
தொப்பூர் கணவாயில் முழு லோடோடு
பிரேக் பிடிக்காமல் இறங்கியிருக்கிறேன்.
தோல்கூட வழன்றதில்லை.
நாலரை அடி உயரம், ஒரு டீ,
குதிகால் எலும்பு மூன்றாகப் போனது.

செக்யூரிட்டி தெய்வநாயகம் நோட்டை விரித்தார்.
அச்சடித்த கட்டங்கள்.
விபத்தின்போது வாகனத்தின் வேகம்?
பேனாவை உதறிக்கொண்டே என்னைப் பார்த்தார்.
"பூஜ்யம்னு போடவா?"
மோதிய பொருள்?
"தரைன்னு போடுங்க சார்" என்றான்
என்னைத் தோளில் தாங்கியிருந்த கிளீனர் நசீர்.
அவன் சிரிக்கவில்லை.
நான்தான் சிரித்தேன், வலி அப்படி.

மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு.
முதலாளி போனில் கேட்டார்:
"வண்டிக்கு ஒண்ணுமில்லையே?"

பச்சையாங்குப்பத்து வீட்டில் அஞ்சு மாசம்.
உப்பனாற்றுப் பக்கமிருந்து
மருந்து வாடை வந்து போகும் ஜன்னலோரம்
காலைத் தலையணையில் ஏற்றி வைத்துக்கொண்டு
கணக்குப் போட்டேன்.
நாளைக்குப் பத்து முறை,
வருஷத்துக்கு முன்னூறு நாள்.
ஐம்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு.
அத்தனை முறையும்
பூமி என்னைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.
ஒரே ஒரு நாள் அது ஈரமாக இருந்தது.

இப்போது அவசரமில்லை.
பில் கட்டு, தண்ணீர் பாட்டில், சாப்பாட்டுத் தூக்கு
எல்லாம் சீட்டிலேயே இருக்கட்டும்,
கீழே போய் நின்று எடுத்துக்கொள்ளலாம்.
படியில் கிரீஸ் மினுங்கினால்
பழைய பனியனால் ஒரு துடைப்பு.
அப்புறம் திரும்புகிறேன்,
முகம் வண்டிக்கு, முதுகு ஊருக்கு.
சந்நிதியிலிருந்து வெளியே வருகிறவன்
சாமிக்கு முதுகு காட்டாமல்
பின்னாலேயே நடந்து வருவானே, அப்படி.

இரண்டு கையும் ஒரு காலும் பிடித்திருக்க
மிச்சக் கால் படியைத் தேடும்.
அது ஊன்றியதும் ஒரு கை நகரும்.
மூன்று எப்போதும் வண்டியோடு,
ஒன்றுக்குத்தான் ஊர்சுற்ற அனுமதி.
ஸ்டியரிங்கைப் பிடிப்பதில்லை,
திரும்புவது அதன் தொழில்.
கதவையும் நம்புவதில்லை,
காற்றடிக்கும் பக்கம் அது சாய்ந்துவிடும்.
கம்பி மட்டும் கம்பியாக இருக்கிறது.

"என்னப்பா, கெணத்துல எறங்குறியா?"
பக்கத்து டேங்கர் பாவாடை கத்துகிறான்.
கத்திவிட்டு, ரப்பர் செருப்போடு,
கையில் பீடியோடு, குதிக்கிறான்.
அவன் கால் ஜல்லியில் விழும் சத்தத்தில்
என் குதிகால்
தூக்கத்தில் பெயர் கேட்டதுபோல் விழிக்கிறது.

நேற்றும் தூறல்.
கடைசிப் படிக்கும் மண்ணுக்கும் நடுவே
ஒரு முழ இருட்டு உண்டு,
எந்த கேட் விளக்கும் அங்கே எட்டாது.
கால் அதில் தொங்கிக்கொண்டிருந்தபோது
சட்டைப்பையில் போன் அடித்தது.
முதலாளிக்கென்று வைத்திருக்கும் மணி.
இரண்டு கையும் கம்பியில்.
நெஞ்சோடு சேர்ந்து அதுவும் அதிர்ந்தது.
அடிக்கட்டும்.
ஷூ முனை மண்ணைத் தொட்டது.
அப்புறம் பாதம்.
அப்புறம் அந்தக் குதிகால்,
கடன் வாங்கிய வீட்டு வாசலில்
கால் வைப்பதுபோல்.

"எங்கய்யா இருக்க? எத்தன வாட்டி அடிக்கிறது?"
"எறங்கிட்டிருந்தேன்."
"எங்கேருந்து?"
"வண்டியிலேருந்து."
"அதுக்கா இவ்ளோ நேரம்?"

"ஆமாங்க" என்றேன்,
"அதுக்கு இவ்ளோ நேரம் ஆகும்."